நாகபூசணி அம்மாவின்ர ரண்டு நிமிசம்

நீங்கள் எங்கட ஆள் தான். போனிலை "சரி, வைக்கிறன்" எண்டு சொன்னியளே, அதோடை பிடிச்சிட்டன். இதிலை இருக்கலாமோ? பேர்ண் வரைக்கும் போறியளோ? நல்லது. நானும் பேர்ண் தான். தனிய இருந்தால் எனக்கு இந்த ரெயினிலை விசர் பிடிக்கும். ஏரியைப் பாருங்கோ, வடிவு எண்டு வெள்ளைக்காரர் சொல்லுவினம். முப்பது வருசமா இந்த ஏரியைப் பாத்துக்கொண்டு போய், பாத்துக்கொண்டு வாறன். எனக்கு அது தண்ணி தான்.

என்ர பேர் அருளம்பலம். கேள்விப்பட்டிருப்பியள். இல்லையோ? ஜெனீவா அருள் எண்டால்? அதுவும் இல்லை. சரி, நீங்கள் வந்து கனகாலம் இல்லைப் போலை. இஞ்சை பழைய ஆக்களைக் கேட்டால் சொல்லுவினம். மனித உரிமைச் சபை கூடுற நேரமெல்லாம் நான் ஜெனீவாவிலை தான். மார்ச்சிலையும் அங்கை, செப்டம்பரிலையும் அங்கை. வேலை ரண்டு இடத்திலை போனது இதாலை தான். முதலாளி கேட்டான், "நீ எனக்கு வேலை செய்யிறியோ, ஐ.நா.வுக்கு வேலை செய்யிறியோ?" எண்டு. நான் சொன்னன், ரண்டு பேருக்கும் இல்லை, என்ர சனத்துக்கு எண்டு. அண்டைக்கே அனுப்பிப் போட்டான்.

உள்ளுக்கை எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியுமோ? தெரியாது. வெளியிலை திடலிலை நிண்டு கொடி பிடிக்கிறவைக்கும் தெரியாது. உள்ளை நாடுள்ளவைக்குத் தான் கதிரை. நாட்டின்ர பேர்ப்பலகை, தண்ணிப் போத்தல், எல்லாம் இருக்கும். நாடில்லாத ஆக்கள் ஒரு தொண்டு நிறுவனத்தின்ர பேரிலை கடைசியிலை போய் ஒதுங்கவேணும். எங்களுக்கு ஒரு சின்ன பிரெஞ்சு அமைப்பு இடம் தாறது. அதுவும் ரண்டு நிமிசம். சில நேரம் அதிலும் குறைப்பினம். நீங்கள் சொல்லுங்கோ, போர்த்துக்கேயன் வந்தது, ஒல்லாந்தன் வந்தது, வெள்ளைக்காரன் வந்தது, அவன் போகேக்கை எங்களை எங்களிட்டைத் தராமல் வேறை ஆளிட்டைக் குடுத்திட்டுப் போனது, இவ்வளவையும் ரண்டு நிமிசத்திலை என்னெண்டு சொல்லுறது? மூச்சு விடவே நேரம் காணாது.

நாங்கள் மட்டும் இல்லை. அந்தக் கடைசி வரிசையிலை உலகமே இருக்கு. பாலைவனத்துக்காரர் ஒருத்தர், சலேக் எண்டு பேர். அவையின்ர நாட்டிலை வாக்கெடுப்பு வைக்கிறம், உங்கட விதியை நீங்களே தீர்மானியுங்கோ எண்டு பெரியாக்கள் சொன்னவை. அவர் அப்ப இளந்தாரி. இப்ப பேரப்பிள்ளையள் இருக்கு. வாக்குப்பெட்டி இன்னும் வரேல்லை. நானும் அவரும் ஐ.நா.வுக்குள்ளை இருக்கிற கோப்பிக் கடையிலை ஒண்டா இருந்து தான் நரைச்சனாங்கள். சுயநிர்ணயம் எண்டால் என்ன தம்பி? ஒரு சனம் தன்ர வாயாலை தன்ர விசயத்தைச் சொல்லுறது. வேறை ஒருத்தன் அதுக்காகக் கதைக்கக் கூடாது. அவ்வளவு தான். இதை விளங்கிக்கொள்ள உவைக்கு எழுபது எண்பது வருசம் காணேல்லை.

தீர்மானம் எழுதுவினம், அதைப் பாக்கவேணும் நீங்கள். "கேட்டுக்கொள்கிறது" எண்டு போடுறதோ, "ஊக்குவிக்கிறது" எண்டு போடுறதோ எண்டு கிழமைக் கணக்கா இழுபறி. ஒருமுறை "ஆழ்ந்த கவலை" எண்டு இருந்ததிலை "ஆழ்ந்த" எண்டதை எடுத்துப் போட்டினம். நான் கழிப்பறைக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிப்போட்டு அழுதனான். சிரிக்காதேங்கோ. ஒரு சொல்லுக்கு அழுத மனிசன் நான்.

எனக்கு ஏன் இந்த வேலை எண்டு கேப்பியள். என்ர தம்பியைச் சுட்டுப் போட்டவங்கள், எண்பத்தாறிலை, வயலுக்குப் போனவனை. அதை விடுங்கோ. அது வேறை கதை.

நான் சொல்ல வந்தது நாகபூசணி அம்மாவைப் பற்றி. இந்த மார்ச்சிலை நடந்தது. நெஞ்சிலை கல்லு மாதிரிக் கிடக்கு. இண்டைக்கும் அந்தப் பிரெஞ்சு அமைப்பின்ர கந்தோருக்குப் போயிட்டுத் தான் வாறன். அங்கை வேலை செய்யிற பெட்டை ஒருத்தியும் என்னைப் பாத்து ஒரு மாதிரிச் சிரிச்சவள். எல்லாம் அந்த மனிசியாலை வந்த வினை.

எங்கட குழு கூடேக்கை நான் தான் சொன்னனான், இனி நாங்கள் கதைச்சுக் காணாது, பாதிக்கப்பட்ட ஒரு ஆளை நேரை கொண்டுவந்து இருத்தவேணும் எண்டு. நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு கதைச்சால் தூதரகக்காரன் கைத்தொலைபேசியைப் பாப்பான். ஒரு தாய் சீலையோடை வந்து இருந்தால் நிமிந்து பாப்பான். நான் பாத்த உண்மை இது. எல்லாரும் ஓம் எண்டினம். ஆளைத் தேடிப் பிடிச்சதும் நான் தான். வன்னியிலை ஒரு கிராமம். ரோட்டோரம் கொட்டில் போட்டுக் காணாமல் போன பிள்ளையளின்ர படத்தோடை இருக்கினமே, அதிலை ஒரு மனிசி. அவவின்ர மகள் சுகிர்தா, சண்டை முடிஞ்ச அண்டு ஆமி பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனது. அதோடை தகவல் இல்லை. வயதிலை எனக்கு அக்கா முறை. ஆனா எங்கட ஆக்களிட்டை ஒரு வழக்கம் இருக்கு, பிள்ளையைத் தேடுறவை எல்லாரும் அம்மா தான்.

விசா எடுக்கிறதுக்கு நான் பட்ட பாடு கடவுளுக்குத் தான் தெரியும். வந்திறங்கினா. கையிலை ஒரு பை, படம் ஒண்டு, வேறை ஒண்டும் இல்லை. என்ர மனிசி தவமலர் தன்ர குளிர்ச்சட்டையைக் குடுத்தா. எங்கட வீட்டிலை தான் தங்கினவ. இடியப்பம், சொதி, எல்லாம் அவிச்சுக் குடுத்துத் தங்கமாப் பாத்தனாங்கள். அதை அவ இல்லை எண்டு சொல்லமாட்டா.

அடுத்த நாள் காலமை நான் எழுதி வைச்சதைக் குடுத்தன். அருமையா எழுதினனான் தம்பி. "நான் ஒரு தாய். பள்ளி மாணவியான என் மகள் சுகிர்தாவை இராணுவம் என் கண் முன்னால் கொண்டு சென்றது. எமது மக்களின் சுயநிர்ணய உரிமையை அங்கீகரிக்க வேண்டுகிறேன்." இந்த மாதிரி. அவ விரலை வைச்சு மெல்ல மெல்ல வாசிச்சா. வாசிச்சுப் போட்டு, "இது ஆரின்ர பிள்ளை தம்பி?" எண்டா.

"உங்கட பிள்ளை தான் அம்மா. பேர் போட்டிருக்கு, பாருங்கோ."

"பேர் போட்டிருக்கு" எண்டா.

பிறகு குசினியிலை தவமலரோடை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு முழுக்கதையையும் சொன்னா. நானும் கதவடியிலை நிண்டு கேட்டனான். உங்களுக்குச் சொல்லலாம், நீங்கள் எங்கட ஆள். வெளி ஆளுக்கு நான் சொல்லமாட்டன்.

கடைசிச் சண்டைக் காலம். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை தரவேணும் எண்டு இயக்கம் கேட்ட நேரம். கலியாணம் கட்டின பெட்டையளை விட்டிடுவினம் எண்டு ஒரு கதை இருந்ததாலை, நாகபூசணி அம்மா பக்கத்துக் கொட்டில் பெடியனைக் கூப்பிட்டு மகளின்ர கழுத்திலை ஒரு மஞ்சள் கயிறு கட்டுவிச்சிருக்கிறா. பொய்க்குத் தான். அந்தப் பிள்ளை நெத்தியிலை குங்குமத்தோடை தறப்பாள் கொட்டிலுக்குள்ளை இருந்திருக்கு. இயக்கத்திலை இருந்து வந்தவையிலை ஒருத்தி சுகிர்தாவோடை ஒரே வகுப்பிலை படிச்சவள். "இவள் போன கிழமை வரைக்கும் கட்டேல்லை. இது பொய்த்தாலி" எண்டு சொல்லிப்போட்டாளாம். சுகிர்தா கயிறைக் கழட்டித் தாயின்ர கையிலை குடுத்திட்டு எழும்பிப் போனதாம். தாய் பின்னாலை ஓட, ஒரு பெடியன் துவக்கை நீட்டி மறிச்சவனாம்.

பிறகு மே மாதம் கால் காயத்தோடை திரும்பி வந்திருக்கிறாள். தாயும் மகளுமா ஆமிப் பக்கம் போச்சினம். அங்கை ஆமி ஒலிபெருக்கியிலை சொல்லிச்சுதாம், ஒரு நாள் எண்டாலும் இயக்கத்திலை இருந்தவை வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு. சுகிர்தா பயந்திருக்கிறாள். "மறைச்சால் பிறகு பிரச்சினை வரும், நீ விரும்பியோ போனனி, உண்மையைச் சொல்லு" எண்டு தாய் தானே கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டிருக்கிறா. தானே பஸ்ஸிலை ஏத்தி விட்டிருக்கிறா. காயக்கால் மேலை தூக்க ஏலாமல் கிடக்க, தாய் தான் தூக்கி வைச்சவவாம்.

தவமலர் அழுதுகொண்டு நிண்டா. எனக்கும் கவலை தான். நான் என்ன கல்லோ? ஆனா நான் அந்த நேரத்திலையும் யோசிக்கவேணும். ஒருத்தர் யோசிக்கத் தான் வேணும். நான் சொன்னன், "அம்மா, முதல் பாதி வேண்டாம். பஸ்ஸிலை இருந்து துவங்குங்கோ."

"முதல் பாதி இல்லாட்டில் அவள் ஏன் அந்த பஸ்ஸிலை ஏறினவள் தம்பி?"

"அதை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"நான் கேப்பன்" எண்டா. "ரண்டும் என்ர பிள்ளைக்குத் தானே நடந்தது."

பாத்தியளே? இது தான் பிரச்சினை. அரசியல் தெரியாத சனம். நாங்கள் எங்கட வாயாலை இயக்கத்தைப் பற்றிச் சொன்னால், மற்றப் பக்கத்துக்காரன் அந்த ஒரு வசனத்தைத் தூக்கிக்கொண்டு உலகம் முழுக்கத் திரிவான். பஸ்ஸை மறந்திடுவான். இதை அவவுக்கு நான் சின்னப் பிள்ளைக்குச் சொல்லுறமாதிரி விளங்கப்படுத்தினன். அவ தலையை ஆட்டிக்கொண்டு இருந்தா. நான் நினைச்சன் விளங்கீட்டுது எண்டு. தவமலர் இடையிலை வந்து, "அவவை அவவின்ர கதையைச் சொல்ல விடுங்கோவன்" எண்டா. "உனக்கு உதுகள் தெரியாது, போய் அடுப்பைப் பார்" எண்டன். அடுப்பிலை ஒண்டும் இருக்கேல்லை. அது வேறை.

சபையிலை பேசுறதுக்கு முதல் நாள், பக்கத்து அறை ஒண்டிலை சின்னக் கூட்டம். அது வழமை. நாங்களும் வேறை ரண்டு மூண்டு அமைப்பும் சேந்து வைக்கிறது. கொஞ்ச வெள்ளைக்காரர், தூதரகங்களிலை இருந்து சில இளம் ஆக்கள், சலேக், பிறகு மரேவா எண்டு ஒருத்தி. அவ பசிபிக் பக்கத்துத் தீவு ஒண்டு. இன்னும் ஒரு ஐரோப்பிய நாட்டின்ர கையிலை இருக்கிற தீவு. பெரிய உடம்பு, தலையிலை ஒரு பூ, அந்தக் குளிரிலையும். அவவைக் கண்ட உடனை நாகபூசணி அம்மா போய்ப் பக்கத்திலை இருந்திட்டா. பாஷை தெரியாது. படத்தைக் காட்டினா. அவ தன்ர போனிலை ஏதோ படம் காட்டினா. ரண்டு பேரும் ஒருத்தியின்ர கையை ஒருத்தி பிடிச்சுக்கொண்டு இருந்தினம். எனக்கு எரிச்சல். நான் அந்த நேரம் அவவை ஒரு தூதரின்ர செயலாளரிட்டைக் கூட்டிக்கொண்டு போக இருந்தனான். அதுக்குள்ளை அந்த ஆள் எழும்பிப் போயிட்டான்.

அந்தக் கூட்டத்திலை அவ தமிழிலை கதைக்கிறது, நான் ஆங்கிலத்திலை சொல்லுறது. அது தான் ஏற்பாடு. அவ துவங்கினா. பஸ்ஸிலை இருந்து துவங்கேல்லை தம்பி. தறப்பாளிலை இருந்து துவங்கினா. மஞ்சள் கயிறு, வகுப்புத் தோழி, துவக்கு, எல்லாம். நான் பக்கத்திலை இருந்து மேசைக்குக் கீழாலை அவவின்ர சீலையை மெல்ல இழுத்தும் பாத்தன். அவ நிப்பாட்டேல்லை. சரி எண்டு நான் என்ர கடமையைச் செய்தன். ஆங்கிலத்திலை பஸ்ஸிலை இருந்து சொன்னன். நல்லாத் தான் சொன்னன். ரண்டு பேர் கண்ணைத் துடைச்சவை.

முடிய, மரேவா கையை உயத்தினா. என்னைப் பாத்துக் கேட்டா, "இந்த அம்மா நீளமாக் கதைச்சா. நீங்கள் கட்டையாச் சொன்னியள். மிச்சம் எங்கை?"

நான் சொன்னன், தமிழ் நீளமான பாஷை எண்டு.

அவ விடேல்லை. "எங்கட தீவிலையும் அப்பிடித் தான். எங்கட கிழவர் மணிக்கணக்காக் கதைப்பினம். அரசாங்கத்தின்ர மொழிபெயர்ப்பாளர் ஒரு வசனத்திலை முடிப்பார். சரி, எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. பள்ளிக்கூடப் பிள்ளை ஏன் அந்த பஸ்ஸிலை ஏறினது?"

எனக்கு முகம் சுட்டுப் போச்சு. என்னைப் போய் அரசாங்கத்தின்ர ஆளோடை ஒப்பிடுறா! நான் முப்பது வருசம் எதுக்குப் பாடுபட்டன்? "பயத்திலை ஏறினது" எண்டு சொல்லி முடிச்சிட்டன்.

வெளியிலை வர, நாகபூசணி அம்மா நிண்டா. கோபம் எண்டு சொல்ல ஏலாது. சாதாரணமாத் தான் கேட்டா. "தம்பி, எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா என்ர பிள்ளையின்ர பேர் எந்தப் பாஷையிலையும் விளங்கும். கயிறைக் கழட்டித் தந்த இடத்திலை நான் பேர் சொன்னனான். நீங்கள் அந்த இடத்திலை சொல்லேல்லையே?"

நான் திரும்பவும் பொறுமையா விளங்கப்படுத்தினன். உலகத்துக்கு முழுக்கதை வேண்டாம் அம்மா, தேவையானது காணும் எண்டு.

"அப்ப உங்களுக்கு என்ர பிள்ளை வேண்டாம், பஸ் தான் வேணும்" எண்டா. சொல்லிப்போட்டு நடந்தா. ஒரு நன்றி இல்லை, தம்பி. விசா ஆர் எடுத்தது? ரிக்கற் ஆர் போட்டது?

அடுத்த நாள் சபை. அந்த மண்டபம் எவ்வளவு பெரிசு எண்டு சொன்னால் நம்பமாட்டியள். எங்கட முறை வர மத்தியானம் தாண்டீட்டுது. ஏற்பாடு என்னெண்டால், நான் ஆங்கிலத்திலை வாசிக்கிறது, அவ படத்தோடை பக்கத்திலை இருக்கிறது. அங்கை ஆறு மொழியிலை தான் மொழிபெயர்ப்பு. எங்கட மொழி அதிலை இல்லை. முன்னாலை பெரிய திரையிலை நேரம் குறைஞ்சு கொண்டு வரும். தலைவர் எங்கட அமைப்பின்ர பேரைக் கூப்பிட்டா. மைக்கிலை சிவப்பு லைட் எரிஞ்சுது. நான் தொண்டையைச் செருமினன். செருமி முடிக்க முதல் அவ மைக்கைத் தன்ர பக்கம் வளைச்சுப் போட்டா.

"என்ர பேர் நாகபூசணி. என்ர பிள்ளை சுகிர்தா" எண்டு துவங்கினா. தமிழிலை.

நீங்கள் அந்தக் காட்சியைப் பாத்திருக்க வேணும். மண்டபத்திலை இருந்த அவ்வளவு பேரும் காதிலை மாட்டியிருக்கிறதைத் தொட்டுப் பாக்கினம். ஒவ்வொருத்தரும் மொழி மாத்திற சின்னத் திருகியைத் திருப்புகினம். ஆங்கிலத்திலை இல்லை, பிரெஞ்சிலை இல்லை, அரபியிலை இல்லை, சீனத்திலை இல்லை. எங்கை திருப்பினாலும் சத்தம் இல்லை. மேலை கண்ணாடிக் கூட்டுக்குள்ளை மொழிபெயர்ப்பாளர்கள் கையை விரிச்சுக்கொண்டு இருக்கினம். தலைவர் குனிஞ்சு கேட்டா, "மொழிபெயர்ப்புக்கு ஆரும் இருக்கினமோ?" எண்டு. எல்லாற்ற கண்ணும் என்னிலை.

நான் மைக்குக்குக் கிட்டப் போனன். என்ர கையிலை இருந்தது நான் எழுதின கதை. அவ சொல்லிக்கொண்டு இருந்தது வேறை கதை. எண்டாலும் நான் சமாளிச்சிருப்பன். எனக்கு எவ்வளவு அனுபவம். ஆனா அவ என்ன செய்தா தெரியுமோ? மைக்கைக் கையாலை பொத்திக்கொண்டு என்ர பக்கம் திரும்பி, "நீங்கள் வேண்டாம் தம்பி" எண்டா.

நீங்கள் வேண்டாமாம். அந்தச் சபையிலை. என்னைப் பாத்து.

முப்பது வருசம் தம்பி. ஒரு தூதர் என்னை அப்பிடிச் சொன்னதில்லை. எதிர்ப்பக்கத்து ஆள் கூடச் சொன்னதில்லை.

பிறகு கையை எடுத்துப்போட்டு விட்ட இடத்திலை இருந்து சொன்னா. பஸ் வாறதுக்கு முதலே நேரம் முடிஞ்சுது. லைட் அணைஞ்சுது. தலைவர் நன்றி சொல்லி அடுத்த பேரைக் கூப்பிட்டா. இவ நிப்பாட்டேல்லை. மைக் இல்லாமலே கதைச்சா. கத்தேல்லை. பக்கத்திலை இருக்கிற ஆளுக்குச் சொல்லுற மாதிரி. அடுத்த அமைப்புக்காரன் தன்ர பாட்டிலை வாசிக்கத் துவங்கீட்டான். அவன்ர சத்தம் மண்டபம் முழுக்க. இவவின்ர சத்தம் எங்கட வரிசைக்கு மட்டும். சலேக் காதிலை இருந்ததைக் கழட்டி மேசையிலை வைச்சிட்டு இவவையே பாத்துக்கொண்டு இருந்தார். பின்னாலை மரேவா எழும்பி நிண்டா. ஒரு சொல்லும் விளங்காது அவைக்கு. ஏன் அப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டவை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை. மகளின்ர காலைத் தூக்கி பஸ் படியிலை வைச்ச இடம் வரைக்கும் சொல்லி முடிச்சுப்போட்டு, கையைக் கூப்பி, எழும்பி வெளியிலை போயிட்டா.

எங்கட ரண்டு நிமிசம்! எத்தினை பேற்ற காலைப் பிடிச்சு எடுத்த ரண்டு நிமிசம்! ஆருக்கும் விளங்காத பாஷையிலை தண்ணியா ஊத்திப் போட்டா.

ஆனா நான் விடேல்லை. அது தான் அனுபவம் எண்டுறது. பதிவுக்குப் பேச்சின்ர பிரதி வேணும் எண்டு ஒரு அலுவலர் வந்து கேட்டவ. நான் என்ர கையிலை இருந்ததை நீட்டினன். இப்ப அது தான் பதிவிலை இருக்கு. நாளைக்கு உங்கட பிள்ளையளின்ர பிள்ளையள் தேடிப் பாத்தாலும், நாகபூசணி அம்மா ஐ.நா.விலை சொன்னது எண்டு அது தான் வரும். பள்ளி மாணவி, பஸ், சுயநிர்ணய உரிமை. வடிவா இருக்கும். நான் இல்லாட்டில் அந்த இடத்திலை வெறும் கோடு தான் இருந்திருக்கும்.

விமான நிலையத்துக்குத் தவமலர் தான் கூட்டிக்கொண்டு போனவ. நான் போகேல்லை. போற நேரம் வாசலிலை நிண்டு அந்த மனிசி கேட்டா, "நான் சொன்னதைப் பதிஞ்சவையோ தம்பி?" எண்டு. "ஓம் அம்மா, எல்லாம் பதிஞ்சாச்சு" எண்டன். அவவுக்கு முகம் மலந்து போச்சு. "அப்ப இனி அவளை ஏன் பஸ்ஸிலை ஏத்தினனி எண்டு என்னை ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை" எண்டு சொல்லிப்போட்டு என்ர ரண்டு கையையும் பிடிச்சா. அவ்வளவு நாளும் இல்லாத பாசம். எனக்கும் ஒரு மாதிரித் தான் போச்சு. என்ன செய்யிறது, நல்லதுக்குத் தானே.

குழுவிலை இப்ப என்னைத் தான் குத்துகினம். ஆளைத் தெரிவு செய்தது நீங்கள், பழக்கினதும் நீங்கள், பிறகு ஏன் அப்பிடி நடந்தது எண்டு. செப்டம்பர் பொறுப்பைக் கண்ணன் எண்டு ஒரு சின்னப் பெடியனிட்டைக் குடுக்கப் பாக்கினம். நான் விடுவனோ? வீட்டிலை அதுக்கு மேலை. தவமலர் ஞாயிறு ஞாயிறா அந்த மனிசியோடை போனிலை கதைக்கிறா. என்னத்தைக் கதைக்கினமோ. நான் குசினிக்குள்ளை போனால் ரண்டு பேரும் நிப்பாட்டிடுவினம். போன கிழமை கேட்டன், "என்னைப் பற்றி ஏதும் சொல்லுறாவோ?" எண்டு. "உங்களைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கு?" எண்டா தவமலர். அந்தக் குளிர்ச்சட்டையை அங்கை போட ஏலாதாம், எண்டாலும் மடிச்சு வைச்சிருக்கிறாவாம். அது தான் செய்தியாம்.

செப்டம்பருக்கு நான் வேறை ஒரு அம்மாவைப் பாத்து வைச்சிருந்தனான். மன்னார்ப் பக்கம். அமைதியான மனிசி, சொல்லுறதைக் கேக்கிற ஆள். போன கிழமை விசா மறுத்துப் போட்டாங்கள். இனி அங்கை இருந்து ஒருத்தரைக் கொண்டுவர நேரம் இல்லை. இஞ்சை இருக்கிற ஆக்களுக்குள்ளை தான் தேடவேணும். விசாப் பிரச்சினையும் இல்லை, ரிக்கற்றும் ரெயின் ரிக்கற் தான்.

இந்தா, பேர்ண் வரப்போகுது. பையை எடுங்கோ, அவசரப்படாதேங்கோ, நிக்கும். நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை. நல்ல குணம். ஆனா போனிலை கதைக்கேக்கை உங்கட வாயிலை வன்னித் தமிழ் அடிச்சுது. கிளிநொச்சியோ? அதுக்கும் அங்காலையோ? அப்ப கடைசிச் சண்டை வரைக்கும் உள்ளை நிண்டிருப்பியள்.

கோவிக்காதேங்கோ தம்பி, மனசிலை பட்டதைக் கேக்கிறன். உங்கட வீட்டிலை ஆரும் காணாமல் போயிருக்கினமோ?